ஏழு மெகாஹெர்ட்ஸில் ஒரு வீடு

கஸ்பார் மச்சாது செத்துப்போனதில் யாருக்கும் பெரிய சங்கடம் இல்லை. எழுபத்து நாலு வயசு, படுக்கையில் விழாமல், யாருக்கும் பாரமாகாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன உயிர், கொடுத்துவைத்த மனுசன் என்று தெருவே சொன்னது. ஆனால் ஆள் 'ஓவர்' சொல்லாமல் போய்விட்டார். அதுதான் சிக்கலாகிப்போனது.

ஹாம் ரேடியோக்காரர்களைத் தெரியாதவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. அரசாங்கத்துப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ஒரு பெட்டியும் மொட்டைமாடியில் ஒரு கம்பியும் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களிடம் வானத்து வழியாக 'உங்க ஊர்ல மழையா' என்று விசாரித்துக்கொண்டிருக்கிற கூட்டம் அது; சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, பைத்தியம் மட்டும்தான். அந்தப் பைத்தியத்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பேசுகிறவர் பேசி முடித்து, 'ஓவர்' என்று சொல்லி, மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கும்வரை அந்த அலைவரிசை அவருடைய வீடு மாதிரி; அடுத்தவர் வாசலில் நிற்கலாமே தவிர உள்ளே கால் வைக்கக் கூடாது.

தூத்துக்குடியில் கஸ்பார் தன் கையால் செய்த வால்வுப் பெட்டியின் முன்னால் தினமும் காலை ஆறரைக்கு உட்கார்ந்து, ஏழு மெகாஹெர்ட்ஸில், பதினோரு பேரை வரிசையாகக் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுப்பார். முப்பத்தொரு வருசமாக, புயலடித்த நாளிலும், பெண்சாதியை அடக்கம் பண்ணிய மறுநாளிலும் எடுத்தார். அன்றைக்கு மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆறு பேரைக் கூப்பிட்டுப் பதிந்துவிட்டு, ஏழாவதாகத் தன் மகள் ஹில்டாவை, லைசென்ஸில் அவளுக்குக் கொடுத்த அடையாள எழுத்தான கால்சைனால், 'எக்ஸ்ரே டேங்கோ ஹோட்டல்' என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஹில்டா பத்து நிமிசம் கழித்துக் காப்பி கொண்டுபோய்ப் பார்த்தால், பொத்தான்மேல் விரல் இருந்தது, ஆள் இல்லை.

விரலை எடுத்தார்கள். பெட்டியை அணைத்தார்கள். அணைத்த பெட்டியிலிருந்து வீடு ஒலிபரப்பாகிக்கொண்டே இருந்தது.

அந்தப் பதினோரு பேரில் ஒருவரான காயல்பட்டினத்து மொகுதூம் காக்காதான், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், அதை முதலில் கண்டுபிடித்தார். அடக்கத்துக்கு வந்துவிட்டு வீடு திரும்பி, பழக்கதோசத்தில் ரேடியோவைத் திறந்தால், ஏழு மெகாஹெர்ட்ஸில் மச்சாது வீட்டுச் சுவர்க்கடிகாரம் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், யாரோ 'தண்ணி குடிட்டி' என்றார்கள், ஒரு காகம் கரைந்தது. அவர் பேருந்து பிடித்துத் திரும்பி வந்து ஹில்டாவிடம், "மவளே, பெட்டி அணைக்கலியா?" என்று கேட்டார். ஹில்டா பிளக்கைப் பிடுங்கினாள். மறுநாள் ஃப்யூஸைப் பிடுங்கினாள். அதற்கு மறுநாள் மொட்டைமாடிக்குப் போய்க் கம்பியையே அறுத்துச் சுருட்டித் துணி காயப்போடும் கொடியில் மாட்டினாள். காக்கா போன் பண்ணி, "நீ மாடிப்படி எறங்கி வந்தது நல்லாக் கேட்டிச்சு மவளே," என்றார். சரி காக்கா என்று ஹில்டா வைத்துவிட்டாள். அதோடு அவளும் விட்டுவிட்டாள், ரேடியோக்காரர்களும் விட்டுவிட்டார்கள்.

ஹில்டாவுக்கு முப்பத்தெட்டு வயசு, உப்புக் கம்பெனி ஆபீசில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்கு இதில் ஆச்சரியம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எதுவுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே கனமாகவும் யாருடையதோ மாதிரியும் இருந்தது. எழுந்தாள், சமைத்தாள், ஆபீஸ் போனாள், வந்தாள், படுத்தாள். வீடு அத்தனையையும் ஒன்றுவிடாமல் வானத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஊரும் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகாது ஊர். எட்டயபுரத்தில் பிச்சையா வாத்தியார், ஸ்கூலில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஹில்டாவின் குக்கர் இரண்டாவது விசில் அடித்ததும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அவள் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழுந்தால் அவருக்குத் தலை சுற்றியது. காக்காவின் பெண்சாதி மைமூன், "இந்தப் பிள்ளைக்கு உப்புமாவை விட்டா வேற தெரியாதா," என்று ரேடியோவைப் பார்த்துச் சடைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தூக்குவாளியில் கறி கொடுத்தனுப்பினாள். பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் இன்னும் ஒரு படி மேலே போனாள். சாயங்காலமானால் ரேடியோ அறைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, "காக்கா, ஒங்க தெருவுல எங்க நாத்தனா இருக்காள்லா, அவகிட்ட சொல்லிருங்க, சீலா குழந்தைக்கு ஞானஸ்நானம் பதினெட்டாந்தேதின்னு," என்பாள். காக்கா மறுநாளே கோபமாக வந்து நின்றார். லைசென்ஸ் இல்லாத ஆள் பேசக் கூடாது, மூணாம் மனுசர் சேதி போகக் கூடாது, சட்டம் இருக்கு, என்ன நெனச்சுக்கிட்டிய எல்லாரும் என்று சத்தம் போட்டுவிட்டு, செருப்பை மாட்டும்போது, "நாத்தனா வாராளாம், கொழுக்கட்டை கொண்டாறாளாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையிலிருந்து ஒரு வயர்லெஸ் அதிகாரி கருவியோடு வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி அளந்தார். பெட்டி செத்துக் கிடக்கிறது, கம்பி கொடியில் தொங்குகிறது. 'ஒலிபரப்புக் கருவி ஏதும் இல்லை. ஒலிபரப்பு உண்டு' என்று எழுதி, ஹில்டாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காப்பியை உறிஞ்சிய சத்தம் எட்டயபுரம்வரை கேட்டிருந்தது.

ஆனால் ஒரு காரியத்துக்கு மட்டும் ஊர் பழகவில்லை. ஹில்டா அழவில்லை. பெற்ற தகப்பன், அம்மா போன பிறகு தலைபின்னி விட்டு வளர்த்த தகப்பன், அவர் சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போதுகூட அவள் அழவில்லை, ஏழாம் நாள் அழவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, இன்றைக்கு நிச்சயம் அழுதுவிடுவாள் என்று கயத்தாறிலிருந்து காயல்வரை அத்தனை ரேடியோக்காரர்களும் அவரவர் குடும்பத்தோடு ஏழு மெகாஹெர்ட்ஸில் காத்திருந்தார்கள். அவள் பாத்திரம் தேய்த்தாள். ஒரு மணி நேரம் தேய்த்தாள். "அழுதுரு மக்கா, அடைச்சு வைக்காத, நெஞ்சுக்கு ஆகாது," என்றாள் தங்கபுஷ்பம். ஹில்டா சரிக்கா என்றாள்.

அவளுக்கு அழுகை வராமலில்லை. தொண்டைவரைக்கும் வரும். வந்ததும், காயல்பட்டினத்தில் காக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வரும், மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரியும், உடனே வந்தது அப்படியே இறங்கிப் போய்விடும். ஆபீசில் அழலாம் என்று பார்த்தாள், அங்கே வரவில்லை. கடற்கரையில் நின்று பார்த்தாள், அங்கேயும் வரவில்லை. வீட்டில்தான் வந்தது. வீடு அவளுடையதாக இல்லை.

இதற்கு நடுவில் ரேடியோக்காரர்கள் மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். அது புதுசில்லை, எப்போதும் மூன்றாகப் பிரிந்துதான் நிற்பார்கள். பெட்டியைக் கையால் செய்தவன்தான் ஹாம் என்பது காக்கா மாதிரி வால்வுக்காரர்கள் கட்சி. கடைப் பெட்டியில் என்ன கேவலம், ஜப்பான்காரன் நம்மைவிட நன்றாகத்தான் செய்கிறான் என்பது பிச்சையா வாத்தியார் மாதிரி கடைப் பெட்டிக்காரர்கள் கட்சி. பெட்டியும் வேண்டாம் கம்பியும் வேண்டாம், உள்ளங்கை செட்டும் இன்டர்நெட்டும் போதும், மடிக்கணினியில் மொத்த வானத்தையும் பார்க்கலாம் என்பது ஜெர்வின் மாதிரி இருபத்தாறு வயசுக்காரர்கள் கட்சி. வீடு ஒலிபரப்பானது அவரவர் பெட்டிக்குத் தக்கபடி கேட்டது. வால்வுப் பெட்டியில் கடிகாரம், கரண்டி, கதவு எல்லாம் கேட்டது. ஜப்பான் பெட்டியில் இரைச்சல் நீக்கும் பொத்தான் என்று ஒன்று உண்டு, அது மனுசக் குரலையும் குக்கர் விசிலையும் விட்டுவிட்டு மிச்ச வீட்டை இரைச்சல் என்று துடைத்துப் போட்டுவிட்டது. ஜெர்வின் கூட்டம் திரையில் ஒரு மஞ்சள் கோட்டைப் பார்த்தது. கோடு அறுபடாமல் இறங்கிக்கொண்டே இருந்தது, அதைக் காதில் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஏழு மெகாஹெர்ட்ஸ் என்ன மச்சாது அங்கிள் வாங்கிப்போட்ட மனையா? அஞ்சு கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய்ப் பேசுங்க," என்றான் ஜெர்வின்.

"அவன் ஓவர் சொல்லலியே," என்றார் காக்கா. அவ்வளவுதான். அஞ்சு மாசமாக அந்த வட்டாரத்தில் காலை வருகைப்பதிவு இல்லை. எட்டாவதாகக் கூப்பிடப்பட வேண்டியவர் காக்காதான். அவர் தினமும் ஆறரைக்குக் குளித்துத் தொப்பி போட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்து, தன் முறை வரும் என்று ஏழுவரை காத்திருந்து எழுந்துபோனார்.

ஹில்டா எந்தக் கட்சி என்றால் ஜெர்வின் கட்சி. பத்தொன்பது வயசில் அப்பா கையைப் பிடித்து எழுதிய பரீட்சையில் லைசென்ஸ் வாங்கியவள்தான், ஆனால் ரெண்டு வருசத்துக்கு முன்னால் தன் பங்குக் கம்பியை மாடியிலிருந்து இறக்கிவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசுகிற உள்ளங்கை செட் ஒன்று வாங்கி அடுக்களையில் வைத்துக்கொண்டாள். "ஒயருக்குள்ள போறதுக்குப் பேரு ரேடியோ இல்லட்டி, போன்," என்றார் கஸ்பார். "ஒங்க பெட்டி மழைக்காலத்துல கயத்தாறத் தாண்டாது டாடி, நான் கனடாக்குப் பேசுதேன்," என்றாள் ஹில்டா. அன்றையிலிருந்து அவள் வருகைப்பதிவில் பதில் சொல்லவில்லை, ஏழு மெகாஹெர்ட்ஸைத் திறக்கவுமில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. மீன், அரிசி, பூசை நேரம், வெந்நீர், மற்ற எல்லாம் பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. ஒருவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று மற்றவர் ரெண்டு எண்ணில் சொல்ல வேண்டும். முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது, அஞ்சுக்கு. ரெண்டாவது சத்தம் எவ்வளவு பலமாக வருகிறது என்பது, ஒன்பதுக்கு. ஒன்றும் கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் 'அஞ்சு ஒன்பது' என்று அள்ளிக் கொடுப்பது இப்போதைய வழக்கம். கஸ்பார் கொடுக்க மாட்டார். "கேட்டதச் சொல்லு, கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு, இதுல என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு," என்பார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மூன்று கட்சியும் ஹில்டா வீட்டுக்கு வந்தது. காக்கா, பிச்சையா வாத்தியார், மடிக்கணினியோடு ஜெர்வின். வந்த காக்கா வீட்டுக்குள் வாயைத் திறக்கவில்லை. தங்கபுஷ்பத்தின் பேச்சைத் திட்ட வந்த அன்றைக்கு அவசரத்தில் உள்ளே நின்று கத்திவிட்டதற்கே, மச்சாது அலைவரிசையில் குறுக்கே பேசிவிட்டேனே என்று அவர் ஒரு வாரம் நொந்துகொண்டிருந்தார். வாத்தியார் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'மாடிக்குப் போவோம், அங்கு கேட்காது' என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். எல்லாரும் மாடிக்குப் போனார்கள்.

"என்கிட்ட ரெக்கார்ட் இருக்கு," என்றான் ஜெர்வின். "ரெண்டு வருசமா என் கணினி காலையில மொத்த பேண்டையும் பதிஞ்சுக்கிட்டே இருக்கு. அங்கிள் கடைசியா பொத்தான விட்டாரா இல்லையான்னு கேட்டுட்டா சண்டை முடிஞ்சிரும்லா."

"ஒருத்தன் பேசினத அவன் சம்மதம் இல்லாம பிடிச்சு வைக்கிறது மரியாதையாடே," என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜெர்வின் முதலில் ஏதோ ஒரு பழைய நாளைப் போட்டுப் பார்த்தான். கஸ்பாரின் குரல் வந்தது, கரகரவென்று, அவசரமில்லாமல். எக்ஸ்ரே டேங்கோ ஹோட்டல். பிறகு ஒன்றுமில்லை. "இங்க பாருங்க, தினமும் இந்த இடத்துல பத்து செகண்டு வெத்து," என்றான். "இரைச்சல் நீக்குறத எடுடே," என்றார் காக்கா. எடுத்தான். வெற்று நிரம்பியது. தோசைக்கல்லில் மாவு விழுந்தது, குழாய் திறந்தது, ஹில்டாவின் கொலுசில்லாத கால் நடந்தது, ஹில்டா ஏதோ பாட்டை மூக்கால் இழுத்தாள். மைக்கை அடுக்களைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பொத்தானை விடாமல், அந்த மனுசன் பத்து எண்ணியிருக்கிறார். பிறகு, "இருக்கா. பதிஞ்சாச்சு. அடுத்து..." என்று காக்காவைக் கூப்பிட்டார்.

வேறொரு நாளைப் போட்டான். கரண்டிச் சத்தம். "இருக்கா. பதிஞ்சாச்சு." இன்னொரு நாள், மிக்ஸி. "இருக்கா." இன்னொரு நாள் ஹில்டா, "டாடிக்கு அந்தப் பெட்டியக் கெட்டிட்டு அழத்தான் நேரம்," என்று தங்கபுஷ்பத்திடம் சொல்வது தெளிவாகக் கேட்டது, அதன்மேல் சிரிப்போடு, "இருக்கா, நல்லாவே இருக்கா, பதிஞ்சாச்சு." ரெண்டு வருசம், ஒரு நாள் விடாமல்.

"ஒனக்குத் தெரியாதா மவளே?" என்றார் காக்கா, திகைத்துப்போய். "ஒரே வீட்டுல இருக்கா, ஹாமா வேற இருக்கா, ஏழு மெகாஹெர்ட்ஸ் கேக்காமலா இருப்பான்னுல்ல நெனச்சோம். நீங்க ரெண்டு பேரும் அப்பிடி வெளையாடிக்கிறீயன்னுல்ல நாங்க..." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெர்வின், ஏழு மெகாஹெர்ட்ஸை இப்ப யாரும் காதால கேக்க மாட்டாங்கன்னு நெனச்சு நானும் போட்டுக் கேக்கலக்கா என்றான்.

கடைசி நாளை அவன் தயங்கித்தான் போட்டான். எக்ஸ்ரே டேங்கோ ஹோட்டல். பத்து செகண்டு. அதில் ஹில்டாவின் குரல் இருந்தது. உள்ளங்கை செட்டில், கனடாவில் இருக்கிற யாரோ ஒரு தமிழனிடம், அவன் பெயர்கூட இப்போது அவளுக்கு நினைவில்லை, "குட்மார்னிங், கேக்குது, நல்லாக் கேக்குது, அஞ்சு ஒன்பது, அஞ்சு ஒன்பது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. 'இருக்கா' வரவில்லை. இருபது செகண்டு, முப்பது, ஒரு நிமிசம், தோசை ஊற்றுகிற சத்தம்.

ஹில்டா எழுந்து கீழே போனாள். அவளுக்குக் குற்றமாக இருந்தது, வேறெப்படியும் சொல்ல முடியாது. ஊசி போட்ட கன்னத்தில் முதல்முறையாக வலி தெரிந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் சத்தம் போடாமல் நடந்தாள், குக்கர் வைக்கவில்லை, எட்டயபுரத்தில் வாத்தியார் தானாகக் கடிகாரம் பார்த்து மாத்திரை போட்டுக்கொண்டார். டாடி ஓவர் சொல்ல மறக்கவில்லை, அவளுக்காகத்தான் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று இப்போது தெரிந்துவிட்டது. பதில் சொன்னால் விட்டுவிடுவார் என்பதும் தெரிந்துவிட்டது. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். இந்தக் கடிகாரமும் கதவும் காயலுக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும், அதில் அவர் விரல் இருக்கிறது. அவளுக்கு அதை விட மனசில்லை, வெளிப்படையாகச் சொன்னால் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அடுப்பைப் பற்றவைத்து, கல்லில் மாவை ஊற்றினாள். ரேடியோ அறைக்குப் போகவில்லை. உள்ளங்கை செட்டை எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அடுத்த அறையில் இருக்கிறவரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"எக்ஸ்ரே டேங்கோ ஹோட்டல். இருக்கேன் டாடி."

அவர் கேட்பாரே என்று ரிப்போர்ட்டும் கொடுத்தாள், அள்ளிக் கொடுக்காமல், உள்ளதை.

"சத்தம் ஒன்பதுதான் டாடி. புரியத்தான் மாட்டேங்குது. ஒண்ணு ஒன்பது. ஓவர்."

காயல்பட்டினத்தில் காக்காவின் பெட்டியில் கடிகாரம் நின்றது. ஜெர்வினின் திரையில் மஞ்சள் கோடு அறுந்தது. காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் முறைக்குக் கையை மைக்வரை கொண்டுபோனார், பிறகு எடுத்துக்கொண்டார். ஏழு மெகாஹெர்ட்ஸில் அன்று யாரும் பேசவில்லை. மறுநாள் அவரே வருகைப்பதிவு நோட்டு ஒன்று வாங்கி, ஏழாவது பெயருக்கு எதிரே 'இருக்கா' என்று எழுதிவிட்டு, எட்டாவதான தன் பெயரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்.

தூத்துக்குடியில் அந்த அடுக்களையில் ஹில்டா தரையில் உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்தாமல், மூக்கைச் சிந்தாமல், டாடி டாடி என்று சத்தமாக, தோசை கருகி, கல் புகைந்து, புகை ஜன்னல் வழியாகப் போகும்வரை அழுதாள். அந்தச் சத்தம் அடுக்களையைத் தாண்டவில்லை. தங்கபுஷ்பம் கருகின வாசனைக்கு எட்டிப்பார்த்தபோது அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மச்சாது மகள் தகப்பனுக்கு அழவே இல்லை என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அஞ்சு மாசம் ரேடியோவில் கேட்டோமே, ஒரு விசும்பல் உண்டா என்கிறார்கள். ஹில்டா மறுத்துப் பேசுவதில்லை.